பாங்காக்கில் சிறுவர் ஊழிய மாநாடு: முதல்முறை போகிறவர்களுக்கு, பாஸ்போர்ட் முதல் பில் கணக்கு வரை

எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) ஞாயிறு பள்ளி எடுக்கிற நாங்கள் மூன்று பேர் பாங்காக்கில் நடந்த ஒரு சர்வதேச சிறுவர் ஊழிய மாநாட்டுக்கு, அதாவது பிள்ளைகள் மத்தியில் சபைப் பணி செய்கிறவர்களின் கூட்டத்துக்கு, பதிவு செய்தோம். போய்ச் சேர்ந்தது இரண்டு பேர்தான். மூன்றாவது டீச்சர் ஒரே ஒரு அனுமதித் தாள் இல்லாமல் கடைசி வாரத்தில் நின்றுவிட்டார். போன இருவரில் என்னைச் சென்னை விமான நிலையத்தில் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டுமே முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. சபையில் வெளிநாடு போய் வந்தவர்களிடம் கேட்டால், "ஜெபிச்சுட்டுப் போங்க, எல்லாம் நடக்கும்" என்றார்கள். ஜெபித்தோம். ஆனால் தாளும் வேண்டும்.

இது பாங்காக்கை வைத்து எழுதியது. ஆசியாவில் இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு நம் ஊரிலிருந்து போய்வரச் செலவு குறைந்த இடங்களில் அது ஒன்று. சென்னையிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, விசாத் தொல்லையும் குறைவு. சிங்கப்பூருக்கோ கொரியாவுக்கோ போகிறவர்களுக்கு விசா பகுதி மட்டும் முழுக்க வேறு. மற்றதெல்லாம் ஏறக்குறைய இதேதான்.

1. அழைப்பு உண்மையா என்று முதலில் பாருங்கள்

மாநாடு அறிவிக்கும் தாள்களில் "4/14 சாளரம்" என்ற சொல் அடிக்கடி வரும். நான்கு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் என்று பொருள், அவ்வளவுதான். இந்தச் சொல் இருப்பதாலேயே ஒரு கூட்டம் நம்பகமானது ஆகிவிடாது. ஏமாற்றுக்காரர்களும் இதைப் படித்து வைத்திருக்கிறார்கள்.

பல வருடமாகச் சுற்றுகிற ஒரு மோசடி உண்டு. சிறுவர் நலன், குழந்தைக் கடத்தல் தடுப்பு என்று ஏதாவது ஒரு தலைப்பில் உலக மாநாடு, அமெரிக்காவில் சில நாள், பிறகு செனகலில் சில நாள் என்று மின்னஞ்சல் வரும். விமான டிக்கெட் அவர்களே தருவார்கள், விசாவும் அவர்களே வாங்கித் தருவார்களாம். நீங்கள் கட்டவேண்டியது இரண்டாவது ஊரின் ஓட்டல் அறைக்கு முன்பணம் மட்டும். கட்டினால் அத்தோடு சரி. எங்கள் பக்கத்துச் சேகரத்து உபதேசியார் ஒருவருக்கு இப்படி வந்து, நகையை அடகு வைக்கும் வரை போய்விட்டார். அவர் மகள் தடுத்ததால் தப்பினார்.

நான் பார்க்கிற அடையாளங்கள் இவை. நீங்கள் விண்ணப்பிக்காமலே "தெரிந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று வந்தால் சந்தேகப்படுங்கள். டிக்கெட் இலவசம், ஆனால் ஓட்டலுக்குப் பணம் என்றால் அந்த மின்னஞ்சலை மூடுங்கள். தனிமனிதர் பெயரிலுள்ள கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலும் அப்படியே. மாநாடு நடக்கும் ஓட்டலின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, அந்தத் தேதியில் அப்படி ஒரு கூட்டத்துக்கு அரங்கம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டேன். இரண்டு நிமிஷத்தில் ஆம் என்று பதில் வந்தது. நடத்தும் அமைப்போடு ஏற்கெனவே வேலை செய்த இந்திய ஊழியர் யாரையாவது கண்டுபிடித்துப் பேசிவிட்டால் இன்னும் நல்லது.

2. பெயரைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு

நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற தொல்லை இது. எனக்கு ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், சபையில் எல்லோரும் கூப்பிடுவது மூன்றாவது பெயர். முன்னால் இனிஷியல் வேறு. பாஸ்போர்ட்டில் இனிஷியல் நிற்காது. அப்பா பெயரோ கணவர் பெயரோ விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்காரும். அல்லது அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும்.

மாநாட்டுப் பதிவுப் படிவத்தில் நான் சபையில் வழங்குகிற பெயரைப் போட்டேன். அழைப்புக் கடிதம் அந்தப் பெயரில் வந்தது. ஓட்டல் அறையும் அந்தப் பெயரில். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் வேறு பெயரில். ஒரு விமான நிலைய அதிகாரியின் கண்ணில் அது இரண்டு மனுஷி. திருத்தக் கேட்டு நான்கு மின்னஞ்சல், பத்து நாள்.

ஆகவே பாஸ்போர்ட்டில் உங்கள் படம் உள்ள பக்கத்தில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். கழுத்தில் தொங்குகிற அட்டையில் வேண்டுமானால் கூப்பிடுகிற பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும்போது அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயருக்கு என்ன முறை வைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டு எடுங்கள். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். நீங்களாக இனிஷியலைப் போட்டு நிரப்பாதீர்கள்.

3. பாஸ்போர்ட்: ஆறு மாதத்துக்கு முன்பே

புதிதாக எடுக்கிறவர்களுக்கு 36 பக்கப் புத்தகம், பத்து வருடம், 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. ஆதாரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கையில் இருந்தால் பெரும்பாலும் போதும். போலீஸ் சரிபார்ப்புக்கு நீங்கள் இப்போது குடியிருக்கிற முகவரிதான் கணக்கு. திருமணமாகி ஊர் மாறியவர்கள் ஆதாரில் பழைய முகவரியை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால், போகிற தேதியிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும். ஐந்து மாதம்தான் மிச்சம் என்றால் புதுப்பித்துவிட்டே கிளம்புங்கள்.

இன்னொன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் காட்டாமல் எடுத்த பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று குறிப்பு இருக்கும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பாதுகாக்க வைத்திருக்கிற ஏற்பாடு அது. அந்தப் பட்டியலில் உள்ள பதினெட்டு நாடுகளில் வளைகுடா நாடுகளோடு தாய்லாந்தும் மலேசியாவும் இருக்கின்றன. மாநாட்டுக்குப் போகிறவர் தனி அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்த முத்திரை இருந்தால் கேள்வி கூடும். பத்தாவது முடித்தவர்கள் அதை நீக்கிப் புதுப்பித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

4. அரசு ஊழியரா? இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்

எங்கள் மூன்றாவது டீச்சர் நின்றது இதில்தான். அவர் அரசுப் பள்ளி ஆசிரியை. மாநாட்டுக்காரர்கள் அவருக்கு முழு உதவித்தொகை கொடுத்தார்கள். டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. சந்தோஷமாகக் கிளம்பினார்.

வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் என்று 2010-இல் வந்த சட்டம். எஃப்சிஆர்ஏ என்றால் சபையில் எல்லோருக்கும் தெரியும். அது சபைக்கு வரும் பணத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதன் 6-ஆம் பிரிவு தனிமனிதர்களைப் பற்றியது. அரசு ஊழியர், அரசு நிறுவன ஊழியர், நீதிபதி, எம்எல்ஏ, எம்பி, அரசியல் கட்சிப் பொறுப்பாளர், இவர்கள் வெளிநாட்டுப் பயணத்தின்போது வெளிநாட்டு அமைப்பின் செலவில் பயணமோ தங்குமிடமோ சாப்பாடோ பெற்றால், மத்திய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். எஃப்சி-2 என்ற படிவம், இணையத்தில் போட வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அதோடு அழைப்புக் கடிதமும், உங்கள் துறை கொடுக்கும் அனுமதியும் இணைக்க வேண்டும்.

அந்த "துறை அனுமதி" என்ற இரண்டு சொல்லில்தான் இரண்டு மாதம் போகும். பள்ளியிலிருந்து மேலே போகிற கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் டீச்சர் மூன்று வாரத்துக்கு முன்புதான் இதைக் கேள்விப்பட்டார். "நானே என் செலவில் போறேன்னு சொல்லிட்டுப் போயிரட்டுமா அக்கா?" என்று கேட்டார். அழைப்புக் கடிதத்திலேயே எல்லாச் செலவும் அவர்களுடையது என்று எழுதியிருக்கிறது. வேண்டாம் என்றேன். அழுதார். அடுத்த முறை போவார்.

இதுபோக, அரசு ஊழியர் வெளிநாடு போவதற்கே விடுப்போடு தனி அனுமதி வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கத் துறைக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். சொந்தச் செலவில் போனாலும் இவை இரண்டும் உண்டு. உதவிபெறும் பள்ளிகளில் வேலை செய்கிறவர்கள், "நமக்கு இது பொருந்தாது" என்று சக ஆசிரியர் சொன்னதை நம்பாமல், நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. பதிவும் உதவித்தொகையும்

பல மாநாடுகளில் கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் குறைந்த கட்டணம் இருக்கும், ஆனால் அதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். முன்பதிவுச் சலுகை முடிகிற நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தால் தங்கும் செலவு பாதியாகும். யாரோடு என்று நீங்களே பெயர் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் முன்பின் தெரியாதவரோடு போடுவார்கள். எனக்கு அது மோசமாக அமையவில்லை, ஆனால் அவர் குறட்டை விடுவார்.

உதவித்தொகை விண்ணப்பத்தில் நம் ஆட்கள் செய்கிற தவறு பெருக்கிச் சொல்வது. "ஆயிரக்கணக்கான சிறுவர் மத்தியில் ஊழியம்" என்று எழுதுவார்கள். தேர்வு செய்கிறவர்கள் அந்த வாக்கியத்தை நூறு முறை படித்திருப்பார்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் 43 பிள்ளைகள், விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வைத்தால் 110 வரும், ஐந்து டீச்சர், மழை பெய்தால் கோயிலுக்குள்ளேயே மூன்று வகுப்பும் ஒன்றின் சத்தம் ஒன்றுக்குக் கேட்டபடி நடக்கும், இதைத்தான் எழுதினேன். பாதி உதவித்தொகை கிடைத்தது.

பரிந்துரைக் கடிதம் சேகர குருவானவரிடம் வாங்க வேண்டும். லெட்டர்ஹெட், முத்திரை, தேதி, கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும். அவருக்கு ஆலோசனைக் கூட்டம், கல்யாணம், அடக்க ஆராதனை என்று ஓயாத வேலை. கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் காட்டுங்கள், திருத்திக் கொடுத்துவிடுவார்.

சிறுவர் பாதுகாப்புப் பகுதி தனியாக இருக்கும். பாதுகாப்புக் கொள்கையில் கையெழுத்து, இரண்டு பேர் சான்று, சிலர் போலீஸ் சான்றும் கேட்பார்கள். பாஸ்போர்ட் அலுவலகம் தருகிற பிசிசி என்ற போலீஸ் சான்று வெளிநாட்டில் வேலை, குடியேற்றம் போன்றவற்றுக்கு உரியது. சுற்றுலாப் பயணியாகப் போகிறவருக்குத் தருவதில்லை. நான் தெரியாமல் அதற்காக ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தனிநபர் சரிபார்ப்பு இருக்கிறது, அதை எடுத்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

உதவித்தொகையைக் கட்டணக் கழிவாகவோ அவர்களே எடுத்த டிக்கெட்டாகவோ கேளுங்கள். "சபைக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை வெளிநாட்டுப் பணம் வாங்க முடியாது. பதிவு உள்ளவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு புது தில்லியிலுள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும், வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. நல்ல எண்ணத்தில் வந்த இருபதாயிரம் ரூபாய் ஒரு சபைக்கு எத்தனை வருடத் தலைவலி ஆகும் என்று பொருளாளரைக் கேட்டால் சொல்வார்.

6. பணம்

என் செலவைச் சொல்கிறேன். டிக்கெட் போகவர 21,000 ரூபாய் சொச்சம். கட்டணத்தில் என் பங்கும் அறையும் சேர்த்து 18,000. கைச்செலவுக்கு 6,000 பாட் (தாய்லாந்துப் பணம்). ஊரிலிருந்து சென்னை போய்வர, காப்பீடு, சான்றிதழ்கள், சில்லறை எல்லாம் சேர்த்தால் அறுபதாயிரத்தை ஒட்டி வந்தது. உதவித்தொகை இல்லாதிருந்தால் எண்பதைத் தாண்டியிருக்கும். எங்கள் சபையில் இந்தப் பணத்தில் மூன்று வருடம் விபிஎஸ் நடத்தலாம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் போகலாமா என்று முடிவு செய்ய வேண்டும். பெரிய மேடைச் செய்திகள் பெரும்பாலும் பிறகு யூடியூபில் வந்துவிடுகின்றன. அதற்காக மட்டும் என்றால் போக வேண்டாம் என்பது என் கருத்து.

கட்டணம் கட்டும்போது கார்டு வேலை செய்யாமல் போகும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை நம் கார்டுகளில் முதலிலிருந்தே அடைத்துத்தான் வருகிறது, வங்கிச் செயலியில் போய் நீங்கள் திறக்க வேண்டும். உள்நாட்டு ரூபே கார்டாக இருந்தால் திறந்தும் பலனில்லை. விசா அல்லது மாஸ்டர்கார்டு என்று பெயர் அச்சான கார்டு வேண்டும். சலுகைக் கட்டணத்தின் கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

டிக்கெட்டையும் ஓட்டலையும் சேர்த்து ஒரு ஏஜென்ட் "பேக்கேஜ்" என்று கொடுத்தால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் என்ற வரியை விற்கும்போதே பிடிப்பார். தனித்தனியாக நீங்களே எடுத்தால் அது இல்லை. பிடித்தால் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம்தான். ஆனால் கணக்கே தாக்கல் செய்யாத டீச்சர்களுக்கு அது போனது போனதுதான்.

பாட்டை இங்கேயே, உரிமம் உள்ள அந்நியச் செலாவணிக் கடையில் வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் கேட்பார்கள். அங்கே ஏடிஎம்மில் எடுத்தால் நம் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் அந்த ஊர் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், நான் போனபோது 220 பாட், நம் வங்கி பிடிப்பது தனி. 500 பாட் எடுக்கப் போய் 220 கொடுத்த புண்ணியவதி நான்தான். இந்திய ரூபாயாக 25,000 வரை கையில் கொண்டுபோகலாம், திரும்பி வந்து ஊர் போய்ச் சேரக் கொஞ்சம் இருக்கட்டும்.

7. விசாவும் வருகைப் படிவமும்

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களை விசா இல்லாமல் அனுமதிப்பதைத் தாய்லாந்து 2023 நவம்பரில் தொடங்கியது. 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கினார்கள். இந்த விதிகள் அரசு மாறினால் மாறுகிறவை. டிக்கெட் எடுக்கும் முன் ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை, சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் பாருங்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் கேட்பார்கள். ஆளுக்கு 20,000 பாட் மதிப்புள்ள பணம் காட்டச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. எங்களிடம் கேட்கவில்லை.

மாநாட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதற்குத்தான் இந்த நுழைவு. அங்கே ஒரு சபையில் ஒரு மாதம் தங்கி ஊழியம் செய்யலாம் என்று திட்டம் இருந்தால் அது வேறு விசா, இதை வைத்துச் செய்யாதீர்கள். தெருவில் கைப்பிரதி கொடுக்கிற எண்ணமும் வேண்டாம். உங்களை அழைத்தவர்களுக்குத்தான் சங்கடம்.

2025 மே முதல் தேதியிலிருந்து விமானத்தில் நிரப்பிய காகித அட்டைக்குப் பதிலாக டிஜிட்டல் வருகை அட்டை. டிடிஏசி என்பார்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். தேடினால் முதலில் வருகிற தளங்கள் பல தனியாருடையவை, அரசுத் தளம் போலவே கொடி, சின்னம் எல்லாம் வைத்துக் காசு கேட்கும். முகவரி "ஜிஓ டாட் டிஎச்" என்று முடிந்தால்தான் தாய்லாந்து அரசு. எனக்குத் தெரிந்த ஒரு டிராவல்ஸ்காரர் ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு இதை நிரப்பிக் கொடுத்தார். நானும் கொடுத்தேன். பிறகு கூட வந்தவருக்கு என் கைப்பேசியிலேயே கால் மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன்.

8. டிக்கெட்

பாங்காக்கில் இரண்டு விமான நிலையம். சுவர்ணபூமி ஒன்று, டான் மியாங் ஒன்று. சென்னையிலிருந்து இரண்டுக்கும் விமானம் உண்டு. எது மாநாட்டு ஓட்டலுக்குப் பக்கம், வண்டி எங்கிருந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள். எங்கள் குழுவில் வேறு ஊரிலிருந்து வந்த தம்பி ஒருவர் மலிவு என்று டான் மியாங்குக்கு எடுத்துவிட்டு, சுவர்ணபூமியில் அவர் பெயர் அட்டையோடு நின்ற ஆளை இரண்டு மணி நேரம் காக்க வைத்தார். மலிவு டிக்கெட்டில் கையில் கொண்டுபோகும் ஏழு கிலோ மட்டும்தான் இருக்கும். பப்பெட், கதைப் படங்கள், பரிசுப் பொருள் எல்லாம் கொண்டுபோகிறவர்கள் பெட்டிக்கும் சேர்த்து முதலிலேயே பணம் கட்டுங்கள், கவுன்டரில் கட்டினால் கசக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வரை போகத் தேவையில்லை. தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம். எதிரே விமான நிலையம். ஆனால் காலை விமானத்துக்கு அன்று காலை வந்து சேரும் ரயிலை நம்பாதீர்கள்.

9. சென்னை குடிநுழைவுக் கவுன்டர்

இங்கேதான் நான் உட்கார்ந்தேன்.

"எதுக்காகப் போறீங்க?"

"ஊழியத்துக்கு சார்."

அவர் நிமிர்ந்தார். "என்ன வேலை? கம்பெனி பேரு? யாரு ஏஜென்ட்?"

சபைக்குள் நாம் நாளுக்கு நூறு முறை சொல்கிற சொல். வெளியே அதற்கு வேலை என்றுதான் அர்த்தம். தாய்லாந்தில் ஐடி வேலை என்று சொல்லி நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் விட்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2022-இலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. பாங்காக் டிக்கெட்டோடு, தனியாக, முதல்முறை போகிற ஒருத்தி "ஊழியம்" என்றால் அவர் கேட்கத்தான் செய்வார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓரமாக நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கோப்பைத் திறந்தால் அழைப்புக் கடிதம் கைப்பேசியில் இருக்கிறது, கைப்பேசியில் சார்ஜ் நான்கு சதவீதம். கையெல்லாம் நடுங்கியது. பின்னால் வரிசையில் நின்ற என் தோழி அச்செடுத்த தாள்களோடு வந்து சேர்ந்த பிறகுதான் விட்டார்கள்.

"நான்கு நாள் மாநாட்டில் கலந்துகொள்ளப் போகிறேன், இந்தத் தேதியில் திரும்பி வருகிறேன்." இந்த ஒரு வாக்கியம் போதும். அதுதான் உண்மையும். கோப்பில் மேலிருந்து கீழாக இப்படி அடுக்குங்கள்: திரும்பும் டிக்கெட், அழைப்புக் கடிதம், ஓட்டல் உறுதிச்சீட்டு, கட்டண ரசீது, வருகை அட்டை, செலாவணி ரசீது, வேலை செய்யும் பள்ளியின் விடுப்புக் கடிதம், காப்பீடு. எல்லாம் காகிதத்தில், இரண்டு பிரதி. அழைப்புக் கடிதத்தில் "பங்கேற்பாளர்" என்று தெளிவாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு முதலில் வந்ததில் "எங்களோடு சேர்ந்து பணியாற்ற" என்று அன்பாக எழுதியிருந்தார்கள். அந்த அன்பு கவுன்டரில் உதவாது.

10. போய் இறங்கிய பிறகு

மூன்றரை மணி நேரப் பயணம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். சுவர்ணபூமியிலிருந்து நகருக்குள் ரயில் இருக்கிறது, பயா தாய் நிலையம் வரை போனாலும் 45 பாட். கார்டுக்கு ஓடிபி வர வேண்டுமானால் நம் சிம்மில் ரோமிங்கை ஊரிலேயே திறந்துவிட்டு வர வேண்டும். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடங்களில் அவர்கள் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நின்றுவிடுவார்கள், நீங்களும் நில்லுங்கள். அரச குடும்பத்தைப் பற்றி வேடிக்கையாகக்கூட எதுவும் பேச வேண்டாம், சட்டம் கடுமையானது. சாப்பாட்டில் "மூ" என்றால் பன்றி, "காய்" என்றால் கோழி. எண்ணெய் மிதக்கும் ஊறுகாய்ப் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் சென்னையிலேயே பிடுங்கிவிடுவார்கள், பெட்டிக்குள் போடுங்கள்.

மாநாட்டில் மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்தார்கள், தமிழ் இல்லை. ஆங்கிலம் வேகமாகப் போனால் பின்தொடர முடியவில்லை. வெட்கப்படாமல் பயிலரங்குகளில் முன் வரிசையில் உட்கார்ந்தேன். எல்லா அமர்வுக்கும் ஓடாதீர்கள். நான் இரண்டாம் நாள் மதியமே களைத்துப்போய் ஒரு அமர்வை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நேபாளத்திலிருந்து வந்த ஒரு அக்கா. அவர் ஊரில் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பாதிக்கு வாசிக்கத் தெரியாதாம். பையிலிருந்து ஒரு முழக் கயிற்றை எடுத்தார். அதில் ஆறு முடிச்சு. வசனத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முடிச்சு. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு முடிச்சைத் தடவிக்கொண்டே சொல்லும். முடிச்சு முடிந்தால் வசனம் முடிந்தது. மேசைக்குக் கீழே கயிற்றை என் கையில் கொடுத்து, என்னையே நேபாளியில் சொல்ல வைத்துவிட்டார். அறுபதாயிரம் ரூபாய்க்கு நான் கொண்டுவந்தது அந்தக் கயிறுதான், இப்போது எங்கள் கீழ் வகுப்பில் பதினேழு கயிறு இருக்கிறது.

நம் பிள்ளைகளின் புகைப்படம் காட்டச் சொல்வார்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய படங்களை மட்டும் கொண்டுபோங்கள். விடுதி, இல்லம் நடத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. "இவள் அப்பா இல்லாத பிள்ளை" என்று படத்தோடு சொல்லி அனுதாபம் வாங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு நாள் அந்தப் பிள்ளை பெரியவளாகி அந்தப் படத்தைப் பார்ப்பாள். படம் இல்லாமலே பேசலாம், நான் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களைக் காட்டினேன்.

11. திரும்பி வந்ததும்

பயிலரங்கில் கொடுத்த பாடங்களைத் தமிழில் போட்டுப் பயன்படுத்த வேண்டுமானால், அங்கேயே, அந்த ஆளிடமே எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஊருக்கு வந்து மின்னஞ்சல் போட்டால் பதில் வர மாதக்கணக்காகும். நான் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஒருவர் மட்டும் மறுத்தார், அவருடையதைப் பயன்படுத்தவில்லை.

சபை பணம் கொடுத்திருந்தால் ஒரு வாரத்துக்குள் கணக்கை முடியுங்கள். தாய்லாந்து மொழியில் அச்சான பில்களின் பின்னால் அன்றைக்கே பென்சிலில் எதற்கு என்று எழுதி வைக்க வேண்டும். வந்த பிறகு பார்த்தால் தண்ணீர்ப் பாட்டில் பில்லும் ரயில் பில்லும் ஒரே மாதிரி இருக்கும். அந்தத் தாள்கள் வெயிலில் எழுத்து அழிந்துபோகிறவை, ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். போர்டிங் பாஸின் துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். என்னுடையதை வேதப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்டபோது, எந்த அதிகாரத்தில் வைத்தேன் என்று தேடித்தான் எடுத்துக் கொடுத்தேன்.